காதுக்காரர் பொறுக்கிய விறகு

ரயில் யார்டில் அவரைக் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நீளப் பிடி போட்ட சுத்தியலால் சக்கரத்தில் ஒரு தட்டு தட்டி, வருகிற ஓசையை வைத்தே விரிசல் உண்டா இல்லையா என்று சொல்வது அவர் வேலை. அந்தப் பழக்கம் வீடு வரை வந்துவிட்டது. தர்பூசணியைத் தட்டுவார், சுவரைத் தட்டுவார். மருமகன் ஆசையாக வாங்கிய கட்டிலைத் தட்டிவிட்டு, "உள்ள பூரா பொத்தல்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருந்து தொலைக்கும். வீட்டில் எல்லோருக்கும் அதுதான் எரிச்சல்.

லீவு கிடைத்தால் மனிதர் மலைக்குக் கிளம்பிவிடுவார். ஒரு கூடாரம், ஒரு மடக்குத் தகர அடுப்பு, அதற்கொரு புகைக்குழாய், தனி ஆள். மனைவி போனதில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அந்த அம்மாளுக்கு இழுப்பு உண்டு. புகை பட்டால் மூச்சு வாங்கும். "உனக்கு ஒத்துக்காது" என்று அவராகவே முடிவு கட்டிவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து தனியாகவே போய் வந்துகொண்டிருந்தார். மகளையும் கட்டிக்கொடுத்து வீடு வெறிச்சென்று ஆனபிறகு, இந்தக் குளிர்காலத்தில் அவளே வாய் திறந்தாள்.

"நானும் வரேன். ஆனா கூடாரத்துக்குள்ள புகை வந்துச்சுன்னா அதோட சரி. அப்புறம் என்னைக் கூப்பிடவே கூடாது."

"ஒரு பொட்டுப் புகை வராது," என்று மார்தட்டினார் காதுக்காரர். அவருக்குத் தலைகால் புரியவில்லை. அவள் வந்தால் இனி எல்லா லீவும் இரண்டு பேர் லீவு.

விறகு விஷயத்தில் அவரை யாரும் அசைக்க முடியவில்லை. கரி எடுத்துப் போ, புகையாது என்றார் யார்டு ஃபிட்டர். "புகையாதுதான். மூடின கூடாரத்துல ஆளைத் தூங்க வெச்சுடும், எழுப்பாது," என்று மறுத்துவிட்டார். யார்டில் சும்மா கிடந்த, பெயின்ட் அடித்த பழைய பெட்டிப் பலகைகளையும் தொடவில்லை. பெயின்ட் எரிந்தால் நெஞ்சைக் கரிக்கும். பிசின் வடியும் மரமும் வேண்டாம், குப்பென்று பிடித்துக் குழாயெல்லாம் தார் பூசிவிடும். கடைசியில் தச்சரிடம் காய்ந்த கெட்டி மரத் துண்டுகளை வாங்கி, பட்டையை உரித்து, அடுப்பின் சின்ன வாய்க்கு ஏற்றபடி மெல்லியதாகப் பிளந்து ஒரு பை நிரப்பினார். அது ஒரு ராத்திரிக்குத்தான் காணும்.

"மிச்சத்தை அங்கயே பொறுக்கிக்கலாம். ரெண்டு கட்டையை ஒண்ணோட ஒண்ணு தட்டினா தெரிஞ்சுடும். ஈரம்னா தொப்புங்கும், காஞ்சதுன்னா டங்குங்கும்."

முதல் ராத்திரி அவர் சொன்னபடியே நடந்தது. அடுப்பு சத்தமில்லாமல் எரிந்தது. அவள் காலுறையைக் கழற்றிக் காலுக்குச் சூடு காட்டிக்கொண்டு, இத்தனை நாள் இந்தச் சுகத்தை ஒளித்து வைத்திருந்தாரா என்று அவரைச் சீண்டினாள். அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

விடிந்தபோது வெளியே புல்லெல்லாம் உறைபனி. காதுக்காரர் மரங்களுக்கு அடியில் விழுந்து கிடந்த கிளைகளைத் தட்டிப் பார்த்தார். எதைத் தட்டினாலும் டங். இன்றைக்கு யோகம்தான் என்று ஒரு கட்டு அள்ளி, அறுத்துப் பிளந்து, தணல்மேல் அடுக்கினார்.

கொஞ்ச நேரத்தில் அடுப்புக்குள் உஸ்ஸென்று சீறியது. கட்டைகளின் நுனியில் தண்ணீர் நுரைத்தது. கதவிடுக்கு வழியாகப் புகை சுருண்டு வந்து கூடாரத்தை நிறைத்தது. அவள் இருமிக்கொண்டே தவழ்ந்து வெளியே போனாள்.

அவர் பின்னாலேயே ஓடினார். முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து, இழுப்பு மருந்தை உறிஞ்சிக்கொண்டிருந்தவளைப் பார்த்ததும் அவருடைய கெத்தெல்லாம் இறங்கிவிட்டது. போச்சு, இனி இவள் வரமாட்டாள் என்று நினைத்தார். உள்ளே போய் எரிகிற கட்டைகளை இடுக்கியால் இழுத்து வெளியே போட்டார். கையுறையோடு குழாயைக் கழற்ற ஆரம்பித்தார்.

"கிளம்பலாம்மா. என் தப்புதான்."

"யாரு குழாயைக் கழட்டச் சொன்னா?" மூச்சு ஒரு நிலைக்கு வந்திருந்தது. மிச்சம் கிடந்த கட்டை ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

"டங்குன்னுதானே சொல்லிச்சு," என்றார் அவர் பரிதாபமாக.

"பனியில விறைச்ச போர்வையைத் தட்டுங்க, அதுவும் பலகை மாதிரிதான் சத்தம் போடும். காஞ்சிருச்சுன்னு உள்ள எடுத்துட்டு வந்தா சொட்டச் சொட்ட நிக்கும். குளிர்காலத்துல சலவைக்கூடத்துக் கொடியில நாங்க பாக்காததா? இதுலயும் ஈரம் உறைஞ்சு கிடக்கு. தூக்கிப் பாருங்க, என்ன கனம்."

தூக்கினார். கனத்தது. காலையில் இந்த விறகுக் கட்டைச் சுமந்து வரும்போதே அவருக்கு மூச்சிரைத்திருந்தது. வயசாகிவிட்டது என்று தன்னைச் சந்தேகப்பட்டாரே தவிர, விறகைச் சந்தேகப்படவில்லை.

மறுபடி கிளம்பியபோது அவள் முன்னால் நடந்தாள். தரையில் கிடந்ததைத் தொடவில்லை. நின்றபடியே பட்டுப்போன மரங்களில் கைக்கு எட்டிய கிளையை ஒடித்து, கையில் நிறுத்துப் பார்த்து, இது ஆகும், இது ஆகாது என்று பிரித்தாள். அவர் எதையும் தட்டிப் பார்க்காமல் கட்டுக் கட்டாகச் சுமந்தார். சன்னமாகப் பிளந்து வைத்ததும் அடுப்பு சுத்தமாகப் பிடித்துக்கொண்டது. அவள் முதலில் வாசல் பக்கம் உட்கார்ந்தாள். பிறகு உள்ளே தள்ளி வந்தாள்.

"எதுக்கு இவ்வளவு விறகு? நாளைக்குக் காலையில கிளம்பணுமே," என்றார் அவர்.

"நான் வாரம் பூரா லீவு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"என்கிட்ட சொல்லலையே."

"புகை வருதான்னு பாத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

"அதான் வந்துடுச்சே."

"வந்துச்சு. நானும் உயிரோடதான் இருக்கேன். ஒத்துக்காது, ஒத்துக்காதுன்னு நீங்களே சொல்லிட்டு இருந்தீங்க. வரியான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்னிக்கோ வந்திருப்பேன்."

காதுக்காரர் அடுப்புக் கதவைச் சாத்தினார். எழுந்து கையுறையை மாட்டிக்கொண்டார். வாசல் துணியைத் தூக்கிப் பிடித்தபடி அவள் பக்கம் திரும்பினார்.

"வாரத்துக்குன்னா இது பத்தாது. இன்னும் எடுக்கணும்," என்றார். "நீயும் வரியாம்மா?"