கை நனைக்காத அண்ணன்

என் கல்யாணத்தன்று அண்ணன் கோபத்தில் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "உன் வூட்டுல நான் கை நனைக்க மாட்டேன்." எங்கள் பாப்பாரப்பட்டிப் பக்கம் கை நனைப்பது என்றால் ஒருவர் வீட்டில் சாப்பிடுவது. உறவு இருக்கிறதா அறுந்ததா என்பதை அதை வைத்துத்தான் சொல்வார்கள். நானே பார்த்துச் செய்துகொண்ட கல்யாணம் அவருக்குப் பிடிக்கவில்லை. சொன்னபடியே இருந்தார். நாங்கள் தர்மபுரியில் வாடகைக்கு இருந்தபோது ஒரு நாள் தக்காளிக் கூடையைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். மோர் கொடுத்தேன். "வேணாம்மா" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து, எனக்கும் அதில் சரிபாதி உண்டு. அதற்கப்புறம் அவரைச் சாப்பிட நான் கூப்பிடவே இல்லை.

பதினோரு வருடம் கழித்து, நாங்கள் நெதர்லாந்துக்குக் குடிவந்த பிறகு, அவரே இங்கு வந்து இறங்கினார். சாமந்தி போடுகிற விவசாயிகள் சிலரை, அவரையும் சேர்த்து, அரசாங்கத்தில் பூப்பண்ணை காட்டக் கூட்டிவந்திருந்தார்கள். "ஞாயித்துக்கெழம சும்மாதான் இருக்கேன். எதனா சுத்திக் காட்டுறியா?" என்று போனில் கேட்டார். ஊர் சுற்றத்தான் கேட்டார், வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் அன்று காலை கோழிக் குழம்பு வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். "வந்தா வரட்டும், வராட்டி நாமளே சாப்பிட்டுக்கலாம்" என்று கணவரிடம் வீராப்பாகச் சொன்னேன்.

ஓட்டல் வாசலில் புது ஷூவும் காதைச் சுற்றிய மப்ளருமாக நின்றிருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது.

"தல நரச்சிப்போச்சேண்ணா."

"நீ மட்டும் என்னா, கொமரியாவா இருக்க?"

அவ்வளவுதான், பேச்சு வந்துவிட்டது. காற்றாலைகள் வரிசையாக நிற்கும் இடத்துக்குக் கூட்டிப் போனேன். எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் வாய்க்காலையே குனிந்து பார்த்தார்.

"இந்தக் காத்தாடி எதுக்கும்மா?"

"நெலத்துல தேங்குற தண்ணிய எறைச்சி வெளிய தள்றதுக்குண்ணா. இந்த ஊரு கடல் மட்டத்துக்குக் கீழ இருக்குதில்ல."

"தண்ணிய வெளிய எறைக்கவா?" அப்படியே நின்றுவிட்டார். "நாம ஆயிரம் அடி போர் போட்டோம், புழுதிதான் வந்துச்சி. இவங்க வேணாம்னு தள்றாங்களா?" அரை மணி நேரம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. வேறு எதைக் காட்டினாலும் பேச்சு அந்தத் தண்ணீரிலேயே வந்து நின்றது.

சின்ன வயதில் எனக்கு ஊர் சுற்றிக் காட்டியதெல்லாம் அவர்தான். வத்தல்மலைக்கு ரோடு போடாத காலம் அது. பாதி வழியில் கால் வலிக்கிறது என்று நான் உட்கார்ந்துவிட்டேன், முதுகில் தூக்கிக்கொண்டு ஏறினார். மேலே போய் நம் வீட்டைக் காட்டு என்று அடம்பிடித்தேன். தெரியாத வீட்டைத் தெரிகிற மாதிரியே விரலை நீட்டி, "அதோ பாரு, நம்ம வூடு" என்றார். நம்பினேன். ரொம்ப நாள் அதைப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த அண்ணன் எனக்குத் திரும்ப வேண்டும் என்று அன்று வாய்க்கால் கரையில் நின்று ஏங்கினேன்.

மத்தியானம் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக் கொடுத்தேன். காகிதக் கூம்பைக் கவிழ்த்து, கடைசித் துணுக்குவரை ரசித்துச் சாப்பிட்டார். கண்ட கடையிலும் தின்னலாம், தங்கச்சி வீட்டில் மட்டும் ஆகாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போற வழியிலதான் எங்க வூடு. வர்றதுன்னா வாங்க" என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"இவ்ளோ தூரம் வந்துட்டு வூட்டப் பாக்காம போவனா?" என்றார். பார்ப்பதற்கு மட்டும்தான் அந்தச் சம்மதம் என்று எனக்குப் புரிந்தது.

கதவைத் திறந்த கணவர், "வாங்க மச்சான்" என்று ஒதுங்கி நின்றார். அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். பால்கனித் தொட்டியில் இருந்த கறிவேப்பிலையைக் கிள்ளி முகர்ந்துவிட்டு, "தண்ணி அதிகமா ஊத்தாத" என்றார். நான் அடுப்படிக்குப் போய்க் களி கிண்டினேன். கூப்பிட்டு மறுத்துவிட்டால் இந்த ஜென்மத்துக்கு ஒட்டாது. கூப்பிடாவிட்டால் அவர் பாட்டுக்கு எழுந்து போய்விடுவார். தட்டில் களியை உருட்டி வைத்து, குழம்பை ஊற்றி, அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"சொன்ன சொல்லுதான் பெருசுன்னா எழுந்து போங்கண்ணா. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்." பச்சைப் பொய்.

தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "ஸ்பூன் இருக்குதா?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"கை நனைக்க மாட்டேன்னுதான சொன்னேன். ஸ்பூன்ல சாப்ட்டா கை நனையாதில்ல?" சிரிக்காமல்தான் சொன்னார்.

கணவர் ஓடிப்போய் எடுத்துவந்தார். வாழ்நாளில் ஸ்பூன் பிடித்தறியாத மனிதர். கேழ்வரகுக் களி ஸ்பூனுக்கு அடங்குகிற சாப்பாடா? முதல் வாய் மப்ளரில் விழுந்தது. இரண்டாவது, ஸ்பூனை விட்டு வர மாட்டேன் என்றது. நானும் கணவரும் சிரிப்பை அடக்க ஆளுக்கொரு சுவரைப் பார்த்தோம். மூன்றாவது தடவை ஸ்பூனைத் தட்டோரம் வைத்துவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டினார்.

"மாப்ள," என்று முதல் தடவையாக என் கணவரைக் கூப்பிட்டார். "கை கழுவுறது எங்க?"