ரிப்பன் வெட்டும்வரை

செடெனாக் டவுனைத் தாண்டி உள்ளே இருக்கும் எங்கள் செம்பனைத் தோட்டத்தில், கூட்டுறவுச் சங்கம் கொண்டுவந்த எதையும் திறப்பு விழா முடியும்வரை யாரும் தொடக் கூடாது. கடை வாசலில் காசு போட்டுப் பேசும் தொலைபேசி வைத்த காலத்திலேயே தொற்றிக்கொண்ட வியாதி இது. ஒரு பிரமுகர் வந்து மாலை போடும்வரை அதைச் சாக்குத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். தொலைபேசிக்கு மாலை! அன்று விழுந்து விழுந்து சிரித்தவன் நான். பிறகு அதே சங்கத்துக்குச் செயலாளர் ஆனேன்.

தோட்டத்துக்கு இணையம் கொண்டுவந்தது நாங்கள்தான், அதை மறுக்கவில்லை. இத்தனை குறைந்த வீடுகளுக்கு வரமுடியாது என்று கம்பெனிகள் கைவிரித்த பிறகு, உறுப்பினர்களே சேர்ந்து சங்க மண்டபக் கூரையில் ஆண்டெனாவை ஏற்றினோம். டெக்னீஷியன் சோதித்துப் பார்த்து, இன்றே பயன்படுத்தலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். சங்கத் தலைவர் உடனே மண்டபத்தைப் பூட்டச் சொன்னார்.

"ஒய்.பி. வந்துதான் சுவிட்சைத் தட்டணும். அதுக்கு முன்னாடி யாராச்சும் தொட்டா நம்ம மானம் போயிடும் லா."

ஒய்.பி. என்று நாங்கள் சொல்வது சட்டமன்ற உறுப்பினரை. அவர் தேதி கொடுக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தார். சாவி என்னிடம் இருந்தது.

ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரி தன் மகளோடு நனைந்துபோய் வந்து நின்றாள். மகள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். காலையிலிருந்து தண்ணீர்த் தொட்டி மேட்டில் நின்று கைப்பேசியில் முயன்றிருக்கிறாள். பக்கம் பாதியிலேயே நின்றுவிட்டதாம். டவுனுக்குப் போகலாமென்றால் பாதை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது.

"அண்ணே, அஞ்சு நிமிஷம் போதும். கொஞ்சம் திறந்து விடுங்கண்ணே. யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்."

"கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்கம்மா. நான் என்ன செய்ய முடியும்?"

பூட்டைத் திறந்திருக்க முடியும். வேறென்ன செய்ய வேண்டியிருந்தது? தலைவருக்குப் பயந்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம், அதுவும் பொய். விழா மேடையில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு, எனக்கும் ஒரு பொன்னாடை உண்டு. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. அந்தப் பெண் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சில வாரங்கள் கழித்து ஒருவழியாக ஒய்.பி. வந்தார். உறுமி மேளம், பிரியாணி, ஆளுயர மாலை. இணையம் என்ற சொல்லைச் சரியாக இரண்டு முறை சொல்லிவிட்டு, மீதி நேரமெல்லாம் தன்னைப் பற்றியே பேசினார். ரிப்பன் வெட்டி, சுவிட்சைத் தட்டினார். இணையத்தை இயக்கிக் காட்ட நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒன்று வேண்டும் என்று தலைவர் கூட்டத்தைத் தேடி, அதே பெண்ணை மேடைக்கு அழைத்தார்.

"பயப்படாதம்மா, ஏதாச்சும் ஒன்னத் திறந்து காட்டு."

அவள் மேடையிலிருந்த கணினி முன் உட்கார்ந்து, பதற்றமில்லாமல் தட்டினாள். கண்மூடித் திறப்பதற்குள் பல்கலைக்கழக விண்ணப்பப் பக்கம் பின்னாலிருந்த பெரிய திரை முழுக்க வந்து நின்றது. நடுவில் சிவப்பு எழுத்தில், மலாயில் ஒரு வரி: விண்ணப்பக் காலம் முடிந்துவிட்டது.

"வாஹ், லாஜு லா! என்னா வேகம் பாருங்க!" என்று ஒய்.பி. கைதட்டினார். தலைவர் தட்டினார். கூட்டம் முழுக்கத் தட்டியது. அவள் திரும்பி என்னைப் பார்த்தபோது நானும் தட்டிக்கொண்டிருந்தேன்.