நாங்கள் இரண்டு பேரும் படித்த அரபு

எங்கள் வீட்டில் அரபு படித்த முதல் ஆள் நான்தான். பரம்பரை வேதக்காரர், மிஷன் பள்ளிக்கூடம், ஆங்கிலமென்றால் உயிர். அப்படிப்பட்ட வீட்டில் நான் வலமிருந்து இடமாக எழுதத் தொடங்கியதும் அம்மாவின் முகம் சுருங்கியது. வளைகுடாவில் தாதி வேலைக்குப் போவதென்றால், நேர்முகத்துக்கு அரபு கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது என்று ஏஜென்சியில் சொல்லியிருந்தார்கள். அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"வெளிநாட்டுக்குத் தனிய எண்டால் விடமாட்டன். உன்ரை சிநேகிதியும் வாறதெண்டால் போ."

அவள் உடுப்பிட்டியில் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தவள். இருவருக்கும் ஒரே தனியார் வைத்தியசாலையில் வேலை, சேர்ச்சில் இருப்பதும் ஒரே வாங்கில். கைபேசியில் நடந்த வகுப்பிலும் ஒன்றாகவே சேர்ந்தோம். ரீச்சர் கொழும்பிலிருந்து படிப்பித்தார்.

சுட்டுப்பெயர்கள் சுலபமாகத்தான் வந்தன. வார்டில் கட்டிலைக் காட்டி நான் 'ஹாதா' என்பேன். ஊசியைக் காட்டி அவள் 'ஹாதிஹி' என்பாள். அரபில் கட்டில் ஆண், ஊசி பெண்.

"குத்திறதெல்லாம் பொம்பிளைதானே!" என்று சிரிப்பாள்.

தூரத்தில் பெரிய டொக்டர் வந்தால் 'தாலிக' என்று குசுகுசுப்போம். இதுவுக்கும் அதுவுக்கும் நடுவில் நாங்கள் சொல்லும் 'உது'வுக்கு அரபில் என்ன என்று அவள் ஒருநாள் ரீச்சரை மடக்கினாள். இப்போதைக்கு இதுவும் அதுவும் போதும் என்றுவிட்டார் ரீச்சர்.

எங்களை வதைத்தது 'அல்லதீ'. தமிழில் 'நேற்று வந்த நோயாளி' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவோம். அரபில் நோயாளியை முதலில் நிறுத்தி, பின்னால் ஓர் 'அல்லதீ' போட்டு, அதற்குப் பிறகுதான் அவர் வந்த கதையைச் சொல்லவேண்டும். பெண்ணென்றால் 'அல்லத்தீ', ஆண்கள் பலரென்றால் 'அல்லதீன'. அவளுக்கு இது பிடிபடவே இல்லை. வேலை முடிந்து வந்து என் வீட்டு மேசையில் அவளுக்கென்று அட்டவணை போட்டேன், வாக்கியம் எழுதிக் கொடுத்தேன், பிழை திருத்தினேன். அவள் தவறினால் என் பயணமும் போச்சு என்ற பயம் எனக்கு.

பிறகு சில நாள் அவள் வகுப்புக்கு வரவில்லை. மாமிக்குச் சுகமில்லை, கொழும்புக்குப் போகிறேன் என்றாள். நான் அந்த மாமிக்காக ஜெபம்கூடச் செய்தேன்.

அடுத்த ஞாயிறு, நன்றி சொல்லிச் சபையார் கொடுத்த ஸ்தோத்திரக் காணிக்கைகளைப் போதகர் வாசித்தார். ஒரு பிறந்தநாள், ஒரு வீடு குடிபுகுதல், பிறகு அவளுடைய தாயின் பெயர். மகள் சுகமாக வளைகுடா போய்ச் சேர்ந்து வேலையை ஏற்றுக்கொண்டதற்காக.

எங்கள் பக்கத்தில் விமானம் ஏறும்வரை பயணத்தை வெளியில் சொல்லமாட்டார்கள். ஊர் வாய்பட்டால் நாவூறு வரும், யாராவது மொட்டைக் கடிதம் போடுவார்கள் என்று பயம். வேதக்காரருக்கு நாவூறில் நம்பிக்கையில்லை என்பதெல்லாம் பிரசங்கம் முடியும்வரைதான். இது எனக்கும் தெரியும். ஆனால் நானும் வெளியாள் என்று எனக்குத் தெரியாது. அவளுடைய நேர்முகத்துக்கான வாக்கியங்களை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவர் ஆச்சரியப்படவில்லை. பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம். போன மாதம் தாய்க்காரி வந்து சொன்னவ. ஆருக்கும் சொல்லவேண்டாமெண்டு சத்தியம் வாங்கினவ."

"எனக்குமோ?"

"உனக்குத்தான் முக்கியமாய்ச் சொல்லவேண்டாமெண்டவ." அம்மா சேலையை மடித்தபடியே சொன்னார். "சொல்லியிருந்தால் நீயும் தனியப் போறனெண்டு நிண்டிருப்பாய்."

ஒரு மாதம். நானும் அவளும் அந்த மேசையில் இருந்து 'அல்லதீ, அல்லத்தீ' என்று மாரடித்துக்கொண்டிருந்தபோது, அம்மா இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அவளைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன். அந்தத் தேத்தண்ணியை மன்னிக்க முடியவில்லை.

அன்றைக்குப் பிறகு நான் அந்த மேசையில் படிக்கவில்லை. வைத்தியசாலை ஓய்வறையில் படித்தேன். நேர்முகத்துக்குத் தனியே போனேன். போன கிழமை விசா வந்துவிட்டது.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. என் ஸ்தோத்திரக் காணிக்கையைச் சேர்ச்சில் வாசிக்கும்போது கேட்டுக்கொள்ளட்டும்.