மலை வீட்டு வாசலில் செருப்புகள்

எங்கள் அக்கா உழைப்பையும் வலியையும் இங்கேயே இறக்கி வைத்துவிட்டு ஆண்டவருடைய இளைப்பாறுதலுக்குள் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினருக்கும், ஷூ கம்பெனித் தோழியருக்கும், மலையில் இருந்து இதைப் படிக்கப் போகிறவர்களுக்கும் உடன்பிறந்த தம்பியின் வணக்கம். கட்டுரை சுருக்கமாக இருக்க வேண்டும் என்று அக்காவின் மகள் சொல்லியிருக்கிறாள். நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். எதையாவது விட்டுவிட்டேனோ என்ற கவலையில் இதைப் பலமுறை திருத்திவிட்டேன். இன்னும் ஏதோ விட்டுப்போனதாகவே தோன்றுகிறது.

அக்கா பள்ளிகொண்டாவில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் அவரே மூத்தவர், நான் அடுத்தவன். அப்பா மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்து, வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். அப்பா மறைந்தபோது அக்கா பத்தாம் வகுப்பில் இருந்தார். நல்ல மதிப்பெண் வாங்கியும் மேலே படிக்காமல் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். என் கல்லூரிப் படிப்பு, தங்கைகள் இருவரின் திருமணம், கடைசித் தம்பியின் ஐ.டி.ஐ. எல்லாம் அந்த வேலையால் நடந்தவை. அக்காவின் கணவரான எங்கள் மாமாவும் சீக்கிரமே காலமானார். ஒரே மகளை அக்கா தனியாக நின்று நர்ஸ் படிக்க வைத்து நிமிர்த்தினார்.

கம்பெனியில் அவர் வேலை ஜோடி சரிபார்ப்பது. இடது காலும் வலது காலும் நிறத்தில், தையலில், அளவில் ஒத்திருந்தால்தான் பெட்டிக்குள் போகும். ஓய்வு பெற்ற பிறகும் பெரிய ஆர்டர் வந்தால் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கம்பெனியில் அவருடைய லைனில், ஒரே வரிசையில் வேலை செய்த பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு மே மாதமும் ஒரு பஸ் பிடித்து நீலகிரிப் பக்கம் ஒரு சிற்றூருக்குப் போவார்கள். அங்கே சரசு என்ற பெண் தன் வீட்டை ஒட்டி ஒன்பது அறைகள் கட்டி, சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். நம் ஊர் வழக்கப்படி டேக்சா என்கிற பெரிய பிரியாணிப் பாத்திரம், அடுப்பு, அரிசி, கறி எல்லாம் பஸ்ஸிலேயே ஏறும். சரசுவின் முற்றத்தில் ஆம்பூரே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு இறங்கி வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் அந்த மலை சரிந்தது. சரசுவின் வீடு தப்பியது. கீழே இருந்த கடைகளும் சில வீடுகளும் மண்ணோடு போயின. உயிர்களும் போயின. அக்கா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் முதல் வீடு வீடாக அரிசி திரட்டினார். வேலூர் லாங் பஜாரில் கம்பளி வாங்கினார். கம்பெனியில் கேட்டு, மூட்டை மூட்டையாக ஷூக்களும் வாங்கினார். லாரி புறப்பட்டபோது எங்கள் தெருவே பெருமைப்பட்டது.

இரண்டு நாளில் சரசு போன் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. வந்த ஷூ பூரா வலது காலுங்க. இடது கால் பின்னால வருதுங்களா?"

வெளிநாட்டு வியாபாரிகளுக்குக் காட்டச் செய்யும் சாம்பிள் ஷூ ஒற்றைக் காலாகத்தான் செய்யப்படும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அவசரத்தில் சாம்பிள் அறை மூட்டைகள் லாரியில் ஏறிவிட்டன. மூட்டையின் மேல் எழுதியிருந்த அளவைப் பார்த்த அக்கா, மூட்டையைப் பிரித்துப் பார்க்கவில்லை. தன் மேசையில் ஒரு ஜோடிகூடத் தப்ப விடாதவர். "மானம் போச்சுடா தம்பி" என்று உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, கம்பெனிக்குப் போய், ஜோடி ஜோடியாக எடுத்துக் கட்டினார். நிவாரண லாரிகளை மட்டும் விட்ட பாதை எல்லோருக்கும் திறந்ததும் தானே கொண்டுபோவதாகச் சொன்னார். தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் போனேன். வழியெல்லாம் பாறைகளைப் பார்த்துக்கொண்டே போனேன்.

சரசு கோபப்படவில்லை. டீ கொடுத்துச் சிரித்தார். ஒன்பது அறைகளும் பூட்டிக் கிடந்தன. மெத்தைகளில் ஈரவாடை. பாதை சரியாகிவிட்டது, தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் முன்பதிவு செய்தவர்கள் எல்லோரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சரசுவின் கணவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். மே மாதமும் இப்படியே போனால் வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு இறங்கிவிடுவதாகச் சொல்லி, ஷூ கம்பெனியில் ஒரு வேலை கிடைக்குமா என்று கேட்டார்.

அக்கா கட்டைப் பிரித்து ஷூக்களை எடுத்து வைத்தார். சரசு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லா இருக்குதுங்கக்கா. ஆனா எங்களுக்குச் செருப்பு கொடுக்கிறவங்க வேணாங்க. செருப்ப வாசல்ல விட்டுட்டு உள்ள வர்றவங்க வேணுங்க."

அக்கா பூட்டிக் கிடந்த அறைகளை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். கிளம்பும்போது சரசுவிடம் சொன்னார். "வேலை வாங்கித் தர்றேன். ஆனா மே மாசம் முடிஞ்சதும் கேளு."

ஆம்பூர் திரும்பியதும் அரிசி திரட்டிய அதே வீடுகளுக்கு மறுபடி போனார். "அரிசி குடுத்த வீடெல்லாம் மே மாச டூருக்கு வீட்டுக்கு ஒரு ஆள் குடுங்க" என்றார். பயந்தவர்கள் ஜாஸ்தி. கணவர்கள் தடுத்தார்கள். மாமியார்கள் தடுத்தார்கள். நானும் தடுத்தேன். மழை எவ்வளவு பெய்தது, பஸ்ஸின் டயர் எத்தனை மாதம் ஓடியது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பஸ் முதலாளி பாய் அந்த மலைப் பாதையில் ஒருமுறை வண்டி ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ரோடு ஜம்முனு கீது சார், நீங்கதான் பேஜாரு" என்றார்.

அக்கா இன்னொரு நிபந்தனையும் போட்டார். டேக்சா பஸ்ஸில் ஏறக்கூடாது. அதைக் கேட்டுத்தான் பெண்கள் உண்மையாகக் கலங்கினார்கள்.

"பிரியாணி இல்லாம டூரா? அங்க இன்னாக்கா துன்றது?"

"அவங்க சமைச்சதத் தின்னு. பீன்ஸ் தின்னா செத்துட மாட்ட. நம்ம சோத்த நாமளே துன்னுட்டு வர்றதுக்கு மலை எதுக்குடி? மொட்டை மாடி பத்தாதா?"

நாற்பத்தொன்பது இருக்கைகள் உள்ள பஸ். புறப்படும் காலையில் எண்ணினேன். முப்பத்தொரு பேர். என்னை வழியனுப்ப வந்தவன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அக்கா ஜன்னலில் இருந்து, "கீழ நின்னு எண்ணினு இருக்காத. மேல வந்து குந்து, ஒண்ணு கூடும்" என்றார். முப்பத்திரண்டு ஆனது.

மதியம் சரசுவின் வாசலில் செருப்புகள் அறுபத்து நான்கு. சரசு சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் செருப்புகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார். பீன்ஸ் பொரியலை மூன்றாம் முறை கேட்டு வாங்கியவர் யார் என்பதை இங்கே எழுதவில்லை, அவருக்கே தெரியும். பெண்கள் எடுத்த போட்டோக்கள் கம்பெனி முழுக்கச் சுற்றின. அடுத்த வாரம் இன்னொரு லைன் போனது. பிறகு நம் ஆலயத்து மாதர் சங்கம். பக்கத்து விடுதிகளும் திறந்தன. திருப்பூரில் இருந்து சரசுவின் கணவர் திரும்பி வந்தார்.

ஜூன் மாதத்தில் அக்காவே போன் செய்து, வேலை கேட்டாயே, பேசட்டுமா என்று விசாரித்தார். "எங்க வீட்டு வேலைக்கே ஆள் பத்தலைங்கக்கா. நீங்க வேணா வந்துடுங்க" என்று பதில் வந்தது. அக்கா அன்று சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அதன்பின் ஒவ்வொரு மே மாதமும் அக்கா போனார், இருதயம் ஒத்துழைத்தவரை. வேலூரில் மருத்துவமனையில் படுத்திருந்தபோது சரசு மலைப்பூண்டும் கேரட்டுமாக வந்து இரண்டு இரவு உடன் இருந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "நான் இல்லன்னு பஸ்ஸ நிறுத்திடாதடா." அடக்க ஆராதனை நாளில் மலையில் இருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். எங்கள் வாசலில் அவர்கள் விட்ட காலணிகள் எல்லாம் நம் கம்பெனி ஷூக்கள். எல்லாம் ஜோடி.

சிகிச்சை செய்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஜெபித்த போதகருக்கும், கல்லறைத் தோட்டம்வரை வண்டிகளை வாடகை வாங்காமல் ஓட்டிய பாய்க்கும், தோள்கொடுத்த கம்பெனித் தோழியருக்கும், துக்கத்தில் எங்களுக்குச் சமைத்துப் போட்ட சரசு குடும்பத்துக்கும் எங்கள் நன்றி என்றும் உரியது.

முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை ஆம்பூரில் நடக்கும். நினைவு விருந்து மலையில், சரசுவின் வீட்டில். பஸ் ஆலய வாசலில் இருந்து புறப்படும். வானிலை விசாரித்துவிட்டேன், டயரும் பார்த்துவிட்டேன். டேக்சா ஏற்ற மாட்டோம். இந்த ஆண்டு இருக்கைகள் நிரம்பி, பாய் இரண்டாவது பஸ்ஸுக்குச் சொல்லியிருக்கிறார். அதில் இன்னும் இடம் இருக்கிறது. அக்காவுக்கு மாலை கொண்டுவர நினைப்பவர்கள் மாலை வேண்டாம், வந்து சரசுவின் வாசலில் செருப்பை விடுங்கள். எண்ணுவதற்கு நான் இருக்கிறேன்.