சட்டியில் வெந்த தெர்மோஸ்டாட்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். கிருமாம்பாக்கத்தில் கீற்றுக் கொட்டகையில் ஒர்க்‌ஷாப் தொடங்கினேன்; இன்று அது கான்கிரீட் கட்டடம். புயலில் கிணற்றுக்குள் விழுந்த ஆயில் என்ஜினைத் தூக்கி ஓட வைத்திருக்கிறேன். பாகூர் பக்கம் பாதிக் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சியவை என் கை பட்ட என்ஜின்கள்தான். டவுனில் தேறாது என்று கைவிட்ட ஒரு பழைய காரையும் நான்தான் எழுப்பினேன்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்த சொல்தா ஒருவரின் கார் அது. அவர் மகன் அதைப் பழைய கார் கண்காட்சியில் நிறுத்த ஆசைப்பட்டார். சூடேறுவது ஒன்றுதான் பாக்கிக் குறை. இரண்டு வரிசைக் குழாய் ரேடியேட்டரை நான்கு வரிசையாக மாற்றினேன். சென்னை இன்ஜினியர் ஒருவர் அனுப்பிய மின்விசிறியையும் பொருத்தினேன். அப்படியும் கடலூர் ரோட்டில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்தபோது ஆவி கிளம்பியது.

"இன்னாப்பா, உள்ள இட்லி வேவுதா?" என்றார் டிராக்டர்காரர்.

கார்க்காரர் சிரிக்கவில்லை. "இன்னொரு வாட்டி கொதிச்சா சென்னைக்கே அனுப்பிடுறேண்ணே."

தொட்டுப் பார்த்தேன். ரேடியேட்டரின் அடிப்பக்கம் வெதுவெதுப்பு; என்ஜின் பக்கத்துச் சின்னக் குழாயோ கையைச் சுட்டது. தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பிக்கொண்டிருந்தது. சூடேறியதும் அந்தக் குறுக்கு வழியை அடைத்து, ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். வெயில் ஊருக்கு அது எதற்கு என்று எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் எந்த வண்டி வந்தாலும் முதலில் அதைக் கழற்றிப் போடுவார்கள். இந்தக் காரில் நானும் அப்படியே கழற்றியிருந்தேன்.

பழைய சாமான் டப்பாவில் தேடி எடுத்து, வேலை செய்கிறதா என்று பார்க்கச் சட்டித் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்தேன்.

"இன்னாய்யா, கொழம்பு சட்டியில இரும்ப வேக வெக்கிற? உப்பு போட்டியா?" என்றாள் என் மனைவி.

"சும்மா இரு. வாய் தொறக்குதா பாரு."

"தொறக்குது. ஒன்னாட்டம் இல்ல, கொதிச்சப்புறம்தான் தொறக்குது."

அதைத் திரும்பப் பொருத்தி, மறுநாள் உச்சி வெயிலில் அதே ரோட்டில் ஓட்டினோம். பஸ்களுக்கு நடுவில் நின்று நின்று போனோம். சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை. கார்க்காரர் கண்ணாடியை இறக்கிவிட்டு, கையை வெளியே போட்டு உட்கார்ந்திருந்தார்.

கண்காட்சியில் காருக்கு முன்னால் வைத்த பலகையில் 'என்ஜின் கூலிங்' என்று போட்டு, சென்னைக்காரர் பெயர் மட்டும் இருந்தது. விசிறி அவருடையது, ஒப்புக்கொள்கிறேன். வால்வைக் கழற்றிய தப்பு என்னுடையது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் கொதிப்பை அடக்கியது நான். அந்தப் பலகையில் என் பெயரையும் ஊரோடு சேர்த்து எழுத வேண்டும். கீழே பொடி எழுத்தில் வேண்டாம். அவர் பெயர் என்ன அளவோ, அதே அளவில்.