சந்தியாகுவுக்கு அடிக்காத மணி

சாயாவை இறக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள், இது நடந்த கதை, மாதா மேல் சத்தியம். கொஞ்சம் நானும் சேர்த்திருக்கிறேன். குடம்புளி போடாமல் மீன்கறி உண்டா?

மட்டாஞ்சேரி மாதா கோயில் கப்பியார் அந்தோணிப்பிச்சை. விளக்குக்கு எண்ணெய் விடுவது, பூசை உடுப்பை மடிப்பது, மணி அடிப்பது எல்லாம் அவர்தான். அவர் அடித்தால் கும்பளங்கியில் கரிமீன் துள்ளித் தானே சட்டியில் விழும். ஆண் செத்தால் ஏழு அடி, பெண்ணுக்கு ஐந்து. அதைக் கேட்டால்தான் ஆத்துமா புறப்படும்.

ஐம்பத்தேழாம் வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை காலை, சுக்கு மூட்டை சுமக்கும் சந்தியாகு செத்துப்போனான். பெரிய வியாழன் தொட்டு உயிர்ப்புத் திருநாள் வரை மணி அடிக்கக் கூடாது, மரக்கட்டைதான் தட்டுவார்கள். பெண்சாதி ரோசாள் அழுதாள். உயிர்ப்பு கழிந்ததும் அடிக்கிறேன் என்று கப்பியார் வாக்குக் கொடுத்தார். உயிர்ப்பு மணியைக் கை வீங்க அடித்த சந்தோஷத்தில் சந்தியாகுவை மறந்தே போனார்.

மறுநாள் மத்தியானச் செப மணியை அடித்துக் கயிற்றை விட்டார். விட்ட பிறகு தானாக ஓர் அடி விழுந்தது. தினமும் விழுந்தது. காற்று என்றார், காகம் என்றார். காற்றும் காகமும் இல்லாத நாளிலும் விழுந்தது. உடுப்பு அலமாரியைத் திறந்தால் சுக்கு மணம். கயிற்று நுனி, யாரோ இப்போதுதான் பிடித்துவிட்டதுபோல வியர்த்திருந்தது. மழைக்காலத்துக்குள் கப்பியார் மெலிந்துபோக, கயிறென்று நினைத்து பங்குச் சாமியார் அவரையே இழுக்கப் போனார்.

ரோசாள் வந்தாள். "கப்பியாரே, அவரு நித்தம் கஞ்சி நேரத்துக்கு வாசல்ல வந்து நிக்கறாரு. உள்ளயும் வரல்ல, போகவும் இல்ல. ஏழடிதானே கேக்கறாரு."

சாவில்லாமல் சாவுமணி அடித்தால் வேலை போகும், கோயில் தந்த குடிலும் போகும். ஆனாலும் அன்று பட்டப்பகலில் கப்பியார் எண்ணி ஏழு அடித்தார். பஜாரில் மூட்டைகள் தலையோடு நின்றன. யார் செத்தது என்று பள்ளுருத்தி வரை ஓடினார்கள். ஏழாவதில் கயிற்றை விட்ட கப்பியார், எட்டாவது கேட்டுவிடுமோ என்று பயந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அன்றே சாமியார் அவரை வெளியேற்றிக் கோபுரத்தைப் பூட்டினார். ரோசாள் கும்பளங்கி மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

எட்டாவது விழவில்லை என்று நான் சொல்லி முடிக்கவில்லை, சாயாக்கடைச் செல்லப்பா அடுப்பை விட்டு வந்தான்.

"விழுந்துது. இந்தக் காதால கேட்டேன்."

"நீ அன்னிக்கு அக்கரை பிராட்வே சந்தைக்கு சீனி வாங்கப் போயிருந்தே," என்றான் மூட்டைக்கார ராசப்பன். "ஏழுதான்."

"எட்டுடா."

ராசப்பன் பெஞ்சைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். கிளாஸ் ஒன்று உடைந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த கப்பியார் அந்தோணிப்பிச்சை, சாயா ஆறுவது தெரியாமல், இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.