கரம்பை அடித்த நிலம்

ஒரே விஷயத்தை எத்தனை முறை கேட்ட பிறகு ஒரு மனிதன் கேட்பதை நிறுத்திக்கொள்ளலாம்? பெருமாள்ராஜ் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டவர் அல்ல. ஆனால் ஐம்பதைத் தாண்டிய அவருடைய வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது இந்தக் கேள்வியாகத்தான் தெரிந்தது. மூன்றரை வருடம், பெரும்பாலான திங்கட்கிழமைகளில், அதே மஞ்சள் பையோடு அவர் கொக்கிரகுளத்துக்குப் பஸ் ஏறினார். கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்கும் நாள் அது. அவர் கேட்டது ஒன்றுதான். ஒரு ஏக்கர் மண்ணை அரசாங்கம் சோதித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஓடைக்குறிச்சி ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றித் திறந்துவிடுவது அவர் வேலை. காலை ஐந்து மணிக்கு மோட்டாரைப் போடுவார். ஆறரைக்கு வடக்குத் தெரு வால்வு, ஏழேகாலுக்குத் தெற்குத் தெரு. பெரிதாகப் புகழும்படியான குணம் ஒன்றும் அவரிடம் இல்லை. யார் மீதாவது கோபம் வந்தால் அந்தத் தெரு வால்வைக் கால் மணி நேரம் தாமதமாகத் திறப்பார். பேச்சும் குறைவு. ஆனால் எந்த நாளில் எந்த வால்வு பழுதானது, யார் வந்து சரிசெய்தார் என்று தேதி போட்டு எழுதிவைக்கும் பழக்கம் இருந்தது. அந்தப் பழக்கம்தான் அவரை மனுக்காரர் ஆக்கியது.

ஊருக்குக் கிழக்கே கால்வாய்க் கரையில் முப்பத்தொரு வீடுகள். அதில் ஒன்று அவருடையது. நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று ஒரு நாள் வீட்டுக்கு வீடு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். மாற்று இடம் தாருங்கள் என்று போய் நின்றபோது, ஊரில் மிச்சமிருந்த ஒரே புறம்போக்கு நிலத்தை வட்டாட்சியர் வரைபடத்தில் தொட்டுக் காட்டினார். அது ஈயப்பட்டறை நின்ற இடம்.

வெளியூர்க்காரர் ஒருவர் அதைக் குத்தகைக்கு எடுத்துப் பதினொரு வருடம் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கினார். பேட்டரித் தண்ணீரை வடமேற்கு மூலையில் கொட்டுவார்கள். அந்த மூலையில் எருக்கு கூட முளைத்ததில்லை. மேயப் போன ஆடுகள் இரண்டு மூன்று செத்த பிறகு ஊர் கூடிச் சத்தம் போட்டது, பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். பட்டறைக்காரர் கூரைத் தகரம் வரை கழற்றி ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சிவந்த சரள் மண் மட்டும் மிஞ்சியது.

அப்படிப்பட்ட மண்ணைச் சோதிக்காமல் வீட்டுமனை கொடுக்க முடியாது என்றார்கள். சோதிக்கும் செலவு ஊராட்சியால் ஆகாது. ஊராட்சி விண்ணப்பித்தால் அரசே தன் செலவில் சோதித்துத் தரும் என்றும் சொன்னார்கள். பெருமாள்ராஜ் இதைக் கேட்டுவிட்டு, ஒரு மாத வேலை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

முதல் விண்ணப்பம், அவர் பெயரில் இருந்ததால் திரும்பியது. இரண்டாவது, ஊராட்சித் தீர்மான நகல் இல்லாததால். மூன்றாவது விண்ணப்பத்தோடு நிலத்தின் பழைய உபயோகம் பற்றி ஐந்து பக்கம் கேட்டிருந்தார்கள். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, என்ன பொருள், எவ்வளவு, கழிவு எங்கே போனது. பெருமாள்ராஜ் பட்டறையில் வேலை பார்த்தவர்களைத் தேடிப் போய்க் கேட்டு எழுதினார். மேலப்பாளையத்தில் இருந்து பேட்டரி ஏற்றி வந்த லாரி டிரைவர் நூர்முகம்மது, வாரத்துக்கு எத்தனை லோடு என்று விரல் மடக்கிச் சொன்னார். அந்த ஐந்து பக்கமும் எங்கேயோ ஒரு மேஜையில் எட்டு மாதம் கிடந்தன. விசாரித்தபோது, பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார் என்று பதில் வந்தது. மறுபடி முதலில் இருந்து.

சுற்றுச்சூழல் அலுவலகத்தில் குமரகுருபரன் என்ற உதவிப் பொறியாளர் வந்து சேர்ந்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. பாளையங்கோட்டைக்காரர். எந்நேரமும் களைத்த முகம். ஒருமுறை நேரில் வந்து நிலத்தைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் நின்று சரளைக் காலால் கிளறினார்.

"மழை பெய்ஞ்சா தூசி அடங்கிரும், வெயிலடிச்சா பறக்கும். சின்னப் பிள்ளைக இதுல விளையாடிட்டுக் கைய வாயில வைக்கும் அண்ணாச்சி. பெரியவங்களுக்கு உடனே ஒண்ணும் தெரியாது. பிள்ளைகளுக்குத்தான், படிப்பு ஏறாம போகும். ஏன்னு யாருக்கும் வெளங்காது" என்றார்.

பெருமாள்ராஜ் அதைத் தேதியோடு எழுதிவைத்துக்கொண்டார்.

நாலாவது வருடம் சித்திரையில் கடிதம் வந்தது. வைகாசி முதல் வாரத்தில் மண் எடுக்க ஆட்கள் வருவார்கள், வண்டி உள்ளே வர முள்மரங்களை வெட்டி வைக்கவும். கரைவீட்டுக்காரர்கள் எல்லோரும் கூடிப் படித்தார்கள். மறுநாளே அரிவாளும் கடப்பாரையுமாகப் போய் முள்ளை வெட்டி முடித்தார்கள். முடித்துப் பார்த்தால், நிலம் சொறி பிடித்த முதுகைப் போலக் கிடந்தது. அங்கங்கே கருத்த திட்டு, பேட்டரி ஓட்டின் உடைசல்.

பெருமாள்ராஜின் அக்காள் மகன் சுடலைமணி டிராக்டர் ஓட்டுபவன். அவன்தான் முதலில் சொன்னான்.

"மாமா, பொண்ணு பாக்க வாரவன் முன்னால இப்படியேவா கூட்டிட்டு வந்து நிறுத்துவாங்க? ஒரு பவுடர் பூச வேண்டாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த வட்டாரத்தில் சித்திரையில் குளம் வற்றியதும் கரம்பை எடுப்பார்கள். குளத்தடியில் படிந்த கருத்த வண்டல்தான் கரம்பை. அனுமதி வாங்கி, டிராக்டரில் அள்ளி, வயலில் அடித்துப் பரப்புவார்கள். அதற்குப் பிறகு எந்த மண்ணும் நல்ல மண்தான். தரிசாகக் கிடந்த நிலத்தைக்கூட இரண்டு வருடம் கரம்பை அடித்து விளைய வைத்தவர்கள் அவர்கள். சர்க்கார் ஆள் வந்து பார்க்கும்போது மண் நல்லதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது. யாரையும் ஏமாற்றும் எண்ணம் ஒருவருக்கும் இல்லை. வயலுக்குச் செய்வதை நிலத்துக்குச் செய்தார்கள்.

எட்டு டிராக்டர், நான்கு நாள். ஒரு சாண் உயரத்துக்குக் கரம்பை அடித்து மட்டப்படுத்தினார்கள். பெருமாள்ராஜ் தடுக்கவில்லை. கடைசி நாள் சாயங்காலம், புழுதி படியட்டும் என்று சுடலைமணி கேட்க, தொட்டியின் தெற்கு வால்வைத் திறந்து அரை மணி நேரம் தண்ணீர் விட்டார். நிலம் கருகருவென்று, நாற்று நட வைத்தாற்போல் ஆயிற்று. பெண்கள் மூலையில் கோலம் கூடப் போட்டார்கள்.

மண் எடுக்க வந்தவர்கள் இரண்டு பேர், மதுரைப் பக்கமிருந்து. அந்த நிலத்தை அதற்கு முன் பார்த்திராதவர்கள். பார்த்திருந்த குமரகுருபரன் அன்று வேறு வேலையாகத் தூத்துக்குடி போயிருந்தார். கயிறு கட்டிக் கட்டம் பிரித்து, திருகுக் குழாயை அரையடி இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் மண் எடுத்துப் பையில் போட்டு எண் எழுதினார்கள். முதல் கட்டமாக அரையடிதான், அதில் கெடுதல் தெரிந்தால்தான் ஆழமாகத் தோண்டுவோம் என்று அவர்களில் மூத்தவர் விளக்கினார். பெருமாள்ராஜ் குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். மூன்றாவது பையிலோ நாலாவதிலோ அவருக்கு விளங்கிவிட்டது. குழாயில் இருந்து வந்து விழுவதெல்லாம் குளத்து மண். வடமேற்கு மூலையிலும் அதே மண்.

வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. சுற்றிலும் முப்பத்தொரு வீட்டுக்காரர்களும் நின்றிருந்தார்கள். முத்துராணி, அவர் மனைவி, வந்தவர்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆடியில் அறிக்கை வந்தது. ஈயம், அனுமதிக்கப்பட்ட அளவுக்குள். ஊரே வெடி போட்டது. ஆவணிக் கடைசியில் பட்டா வழங்குவதாகத் தேதியும் குறித்துவிட்டார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் கரை வீடுகளை இடித்துவிடுவார்கள் என்பதும் உறுதியாயிற்று. ஒன்பது பக்க அறிக்கையில் எல்லோரும் கடைசி வரியைப் படித்தார்கள். பெருமாள்ராஜ் மட்டும் முழுவதையும் படித்தார். இரண்டாம் பக்கத்தில், 'மண்ணின் தன்மை: கருநிற வண்டல்' என்று இருந்தது. அந்த நிலம் செம்மண் சரள் என்று அவரே மூன்று விண்ணப்பங்களில் எழுதியிருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டில் முத்துராணியிடம் சொன்னார். அவள் பீடி சுற்றிக்கொண்டிருந்த முறத்தை மடியில் இருந்து இறக்கி வைத்தாள்.

"ரிப்போர்ட்டு அவங்க குடுத்தது. நம்மளா முத்திரை குத்துனோம்?"

"மண்ணு நம்ம அடிச்சது."

"அதான் மேல கெடக்குல்லா, ஒரு சாணுக்கு. கீழ உள்ளது கீழ கெடந்துட்டுப் போவுது."

"வானம் தோண்டுனா கெடக்குமா?"

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினால் மூன்றடி போகும். முப்பத்தொரு வீட்டுக்கும் தோண்டிய மண் வாசல் வாசலாகக் குவியும். பிள்ளைகள் அதில்தான் ஏறி விளையாடும். இது முத்துராணிக்குச் சொல்லாமலே தெரிந்தது. இருந்தும் அவள், "சொன்னா இந்த எடமும் போச்சு. மழைக்கு முன்ன இங்கன இடிச்சிருவாங்க. பெறவு எங்க போவ?" என்றாள். அவள் முறத்தை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

சுடலைமணிக்கு விஷயம் தெரிந்ததும் நேரே தொட்டியடிக்கு வந்தான். குரலை உயர்த்தாமல்தான் பேசினான். "மூணரை வருசமா நீரு கேட்டது என்ன மாமா? நல்ல மண்ணுன்னு ஒரு காயிதம். குடுத்துட்டான். இப்பம் அது வேண்டாம்ங்கீரு. உமக்கு அலஞ்சு அலஞ்சு அதே பழகிப் போச்சு வே."

"நல்ல மண்ணுன்னு எழுதித் தரச் சொல்லி நான் கேக்கலலே. என்ன மண்ணுன்னு பாத்துச் சொல்லுன்னுதான் கேட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் எங்களுக்கு" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். அவன் சொன்னதிலும் பிழை இருப்பதாகச் சொல்ல முடியாது. கூரை போகப் போகிறவனுக்கு அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் ஆடம்பரமாகத்தான் படும்.

இரண்டு திங்கட்கிழமைகள் பெருமாள்ராஜ் எங்கும் போகவில்லை. மூன்றாவது திங்கள் காலையில் இரண்டு வால்வையும் நேரத்துக்குத் திறந்துவிட்டுப் பஸ் ஏறினார். இம்முறை மனு வாங்கும் வரிசைக்குப் போகாமல் நேரே குமரகுருபரனிடம் போனார். எழுதிக் கொண்டுவந்திருந்தது அரைப் பக்கம்தான். சோதனைக்கு முன் அந்த நிலத்தில் ஒரு சாண் உயரத்துக்குக் குளத்துக் கரம்பை அடிக்கப்பட்டது, எடுத்த மண் நிலத்து மண் அல்ல, மூன்றடி ஆழத்தில் மறுபடி எடுத்துச் சோதிக்க வேண்டும், அதுவரை கரை வீடுகளை இடிக்காமல் இருக்க வேண்டும். கடைசியில் ஒரு வரி: 'கரம்பை அடித்தவன் நான். இதில் வேறு யாருக்கும் தொடர்பு இல்லை.'

குமரகுருபரன் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"ஒரு ஏக்கரு அண்ணாச்சி. ஒத்த ஆளா அடிச்சீங்களா?"

"ஆமா சார்."

"இத இப்படியே நான் மேல அனுப்புனா, சோதனையக் கெடுத்தது ஊராட்சி ஊழியர்னு ஆகும். உங்க வேலை போயிரும்."



குமரகுருபரன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் பக்கம் தள்ளினார். பேனாவையும் அதன் மேல் வைத்தார். பிறகு பைய விளக்கினார். ஊர்க்காரர்கள் எல்லோருமாகச் சேர்ந்து, விவரம் தெரியாமல், நிலத்தைச் சீர்செய்வதாக நினைத்துச் செய்துவிட்டோம் என்று எழுதினால் போதும். நடந்ததும் அதுதானே. தெரியாமல் செய்ததற்கு யார் மேலும் நடவடிக்கை வராது. சோதனை மறுபடி நடக்கும், அவர் வேலையும் போகாது. ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும்.

மேலே மின்விசிறி தட்டிக்கொண்டே சுற்றியது. பெருமாள்ராஜ் அந்தத் தாளைப் பார்த்தார். 'விவரம் தெரியாமல்' என்பது ஊருக்குச் சரி; மூன்றாவது பையிலோ நாலாவதிலோ அவருக்கு விவரம் தெரிந்துவிட்டதே.

சோதனை மறுபடி நடந்தது. வடமேற்கு மூலை அடியோடு கெட்டது என்றும், முக்கால் ஏக்கர் மண்ணைக் கழுவிச் சீராக்கிய பிறகே வீடு கட்டத் தகும் என்றும் வந்தது. இடிப்பது தள்ளிவைக்கப்பட்டது, எதுவரை என்று சொல்லப்படவில்லை. கரை வீடுகள் இன்னும் கரையில்தான் இருக்கின்றன. ஓடைக்குறிச்சித் தொட்டிக்கு இப்போது வேறு ஆள் தண்ணீர் ஏற்றுகிறார். சுடலைமணி ஒருமுறை, நாங்களும்தானே அடித்தோம், ஏன் அப்படி எழுதினீர் என்று கேட்டான். முத்துராணி பலமுறை கேட்டாள். பெருமாள்ராஜ் பிடி கொடுக்காமல் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அன்று அவர் வெள்ளைத் தாளைத் தொடவில்லை. பேனாவை எடுத்துக் குமரகுருபரன் பக்கமே வைத்தார். தன் அரைப் பக்கத்தை மேஜையில் நேராக்கி வைத்து, "இதுக்கு ஒரு ரசீது போட்டுத் தாங்க சார்" என்றார்.